12 நிமிஷ வீடியோ, 46 மணி நேர வேலை: எடிட்டிங்குக்கு ரேட் எப்படித்தான் சொல்றது?

ரெண்டர்ராணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா வீட்லேர்ந்தே வீடியோ எடிட்டிங் பண்றேன், ஃப்ரீலான்ஸ். வேலை வருது, அதுல குறை இல்லை, ஆனா மாசக் கடைசியில உக்காந்து கூட்டிப் பார்த்தா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்கும் மிஞ்சாதுன்னு வீட்ல சொல்லிச் சிரிக்கிறாங்க.

ஆரம்பத்துலேர்ந்தே ஃபைனல் வீடியோ எத்தனை நிமிஷமோ அதை வச்சுத்தான் ரேட் சொல்லிட்டு வர்றேன், நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு. கேக்குறவங்களுக்கும் சட்டுன்னு புரியும், எனக்கும் சொல்ல ஈஸி. போன மாசம் வரைக்கும் அது தப்புன்னு தோணவே இல்லை. போன மாசம் ரெண்டு வேலை வந்துச்சு, ரெண்டுமே 12 நிமிஷ வீடியோ. ஒண்ணு, ஒரே ஆளு கேமராவைப் பார்த்துப் பேசுற பாடம், 40 நிமிஷ ஃபுட்டேஜ் (வெட்டாத மூல வீடியோ), 11 மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துட்டேன். இன்னொண்ணு நேர்காணல், ரெண்டு கேமரா, ஒவ்வொண்ணுலயும் மூணரை மணி நேரம், ஆடியோ தனி ரெக்கார்டர்ல, அது போக மொபைல்ல எடுத்த துண்டு துண்டு வீடியோ ஒரு ஃபோல்டர் நிறைய. ஆழம் தெரியாம காலை விட்டுட்டேன். கரெக்ஷனோட சேர்த்து 46 மணி நேரம் ஆச்சு. ரெண்டுக்கும் கைக்கு வந்த காசு ஒண்ணேதான்.

இப்ப ஒரு சேனல்காரர் பேசிட்டு இருக்காரு, மாசாமாசம் 8 பெரிய வீடியோ, 20 ஷார்ட்ஸ், "ரெகுலரா தர்றேன்ல, ரேட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க"ன்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். கூட்டிச் சொன்னா போயிடுவாரோன்னு பயம், கொறைச்சுச் சொன்னா நான் போய்ச் சேந்துடுவேன். நீங்கள்லாம் எப்படிப் போடுறீங்க? மணிக்கணக்கா, நாள்கணக்கா, மொத்தமாவா? தயவுசெஞ்சு "உங்க மதிப்பை நீங்க உணரணும்" மாதிரி பதில் வேண்டாம், கணக்காச் சொல்லுங்க.

கட்டர்2009 எழுதியது:

மார்க்கெட் ரேட் என்னவோ அதைப் போடுங்க. இதுக்கு மேல இதுல யோசிக்க என்ன இருக்கு. இப்ப மொபைல்லயே எல்லாரும் எடிட் பண்றாங்க, ஏஐ வேற வந்தாச்சு, நீங்க ஏத்திச் சொன்னா அடுத்தவன் பாதிக்குப் பண்ணித் தர ரெடியா நிக்கிறான்.

டைம்லைன்வாசி எழுதியது:

கட்டர் சார், மார்க்கெட் ரேட்னு ஒண்ணு எங்கேயாவது போர்டுல எழுதித் தொங்குதா சொல்லுங்க, நானும் போய்ப் பார்த்துட்டு வர்றேன். ஒரே வேலைக்கு நாலு பேர்கிட்ட கேட்டா நாலு விலை வரும், அதுல கம்மியானவன் யாருன்னு பார்த்தா பெரும்பாலும் கணக்கே போடாதவனாத்தான் இருப்பான்.

ரெண்டர்ராணி, உங்க கேள்வியில ரெண்டு விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு. ஒரு மணி நேர உழைப்புக்கு உங்களுக்கு எவ்வளவு வந்தாகணும்ங்கிறது ஒண்ணு, அதைக் கஸ்டமர்கிட்ட எந்த வடிவத்துல சொல்றதுங்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுலதான் எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிறாங்க, முதலாவதைப் போடாம ரெண்டாவது வரவே வராது.

நான் போடுற கணக்கு இது. வருஷத்துக்கு 52 வாரம். ரெண்டு வாரம் நீங்களா எடுக்குற லீவு, ரெண்டு வாரம் காய்ச்சல் தலைவலி வீட்டு விசேஷம், நாலு வாரம் வேலையே வராத வறட்சி, எனக்கு எல்லா வருஷமும் இது வந்திருக்கு. மிச்சம் 44 வாரம். வாரத்துக்கு 40 மணி நேரம் உக்கார்றீங்கன்னு வச்சாலும் அத்தனைக்கும் காசு வராது, மெயில் பதில், கொட்டேஷன், ஃபோன்ல பேரம், பில் அனுப்புறது, பில்லுக்கு நினைவூட்டுறது, புதுசா ஒண்ணு கத்துக்கிறது, ஹார்டு டிஸ்க்கைக் காலி பண்றதுன்னு இதெல்லாம் போக எனக்கு 60 சதவீதம்தான் நிக்குது. அதாவது வாரத்துக்கு 24 மணி நேரம். 44ஐ 24ஆல பெருக்குனா 1,056 மணி நேரம். வருஷத்துக்கு நீங்க விக்கிறதுக்குன்னு இருக்குற சரக்கே அவ்வளவுதான்.

நிறைய பேர் என்ன பண்றாங்க, வேலைக்குப் போனா என்ன சம்பளம் வரும்னு பார்த்து அதை 52 வாரம் 40 மணி நேரம்னு 2,080ஆல வகுத்து, "ஓ மணிக்கு இவ்வளவு போதுமே"ன்னு நினைச்சுக்கிறாங்க. 2,080க்கும் 1,056க்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட ரெட்டிப்பு. அந்தச் சம்பளக்காரருக்குச் சமமா நிக்கணும்னாலே அவரோட மணிக்கூலியை மாதிரி ரெண்டு மடங்கு வாங்கணும், அதுவும் கம்ப்யூட்டர், கரன்ட், நெட், சாஃப்ட்வேர் எல்லாம் அவருக்கு ஆஃபீஸ் குடுக்குது, உங்களுக்கு நீங்கதான் குடுத்துக்கணும். எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அடோபி 2013லேர்ந்து புது வெர்ஷனை மாசச் சந்தாவாத்தானே குடுக்குது, டாவின்சி ரிசால்வ் ஒரு தடவை வாங்குனா போதும், இலவச வெர்ஷனே பலருக்குப் போதும், அது வேற கதை. எதுவா இருந்தாலும் அந்தச் செலவும், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துற மெஷினோட காப்பங்கும், வரியும் அந்த 1,056க்குள்ளேர்ந்துதான் வரணும்.

குடும்பச் செலவு, தொழில் செலவு, வரி, கொஞ்சம் சேமிப்பு எல்லாத்தையும் வருஷத்துக்குக் கூட்டுங்க. 1,056ஆல வகுங்க. வர்ற நம்பருக்குக் கீழ வேலை எடுத்தா நீங்க கைக்காசு போட்டு அடுத்தவருக்கு எடிட் பண்ணிக் குடுக்குறீங்கன்னு அர்த்தம். இதை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், உங்க டைரியில இருக்கட்டும்.

அந்த 46 மணி நேரம் எங்கெங்க போச்சுன்னு ஞாபகம் இருக்கா? இருந்தா போடுங்க. அதுலதான் விஷயம் இருக்கு.

ரெண்டர்ராணி எழுதியது:

ஞாபகம்லாம் இல்லை, ஆனா அந்த வேலையில கடுப்புல ஒரு நோட்டுல எழுதி வச்சேன். காப்பி பண்ணி, பேர் வச்சு, ஆடியோவை வீடியோவோட பொருத்தி (சிங்க்) ரெடி பண்ண 4 மணி நேரம். ஃபுட்டேஜைப் பார்த்துக் குறிப்பு எடுக்க 7. ரஃப் கட், அதாவது முதல் தோராய வெட்டு, 10. ஃபைன் கட், பி-ரோல் (பேச்சுக்கு மேல வர்ற வேற காட்சி) வைக்கிறது 6. சவுண்டு 4. கலர் 3. சப்டைட்டில் 3. கரெக்ஷன் 7. எக்ஸ்போர்ட், அப்லோடு, திரும்ப எக்ஸ்போர்ட் எல்லாம் 2.

கரெக்ஷன் மட்டும் அஞ்சு ரவுண்டு வந்துச்சு. அதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். ஃபைனல்னு சொல்லிக் குடுத்ததுக்கு அப்புறம், "மூணாவது நிமிஷத்துல ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் தூக்கிடுங்க, சின்ன வேலைதான"ன்னு மெசேஜ். தூக்குனேன். அது போனதும் அதுக்கு மேல வச்சிருந்த பி-ரோல் நீளம் பத்தலை, ஆள் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எழும்ப வேண்டிய மியூசிக் அவர் பேச ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எழும்புது, சப்டைட்டில் மொத்தமும் மூணு செகண்ட் தள்ளிப்போச்சு, எல்லாம் சரி பண்ணித் திரும்ப முழுசா ஒரு தடவை பார்த்து எக்ஸ்போர்ட் போட்டு ஏத்துனா ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். மூணு செகண்டுக்கு. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்ங்கிறது இதைத்தான் போல.

டைம்லைன்வாசி எழுதியது:

நோட்டு போட்டீங்கள்ல, பாதிக் கிணறு தாண்டியாச்சு. இதைப் பாருங்க, 46ல எது எது ஃபைனல் நீளத்தைப் பொறுத்தது? கலர், சப்டைட்டில், கொஞ்சம் சவுண்டு. மிச்சம் எல்லாமே எவ்வளவு எடுத்துத் தந்தாங்க, எப்படி எடுத்துத் தந்தாங்க, எத்தனை தடவை மனசு மாறுனாங்கங்கிறதைப் பொறுத்தது. 40 நிமிஷத்துலேர்ந்து 12 எடுக்குறதும் ஏழு மணி நேரத்துலேர்ந்து 12 எடுக்குறதும் ஒண்ணா? அதான் நிமிஷ ரேட்ங்கிறது ஏமாத்து. சொல்லப்போனா அதுல சின்ன வீடியோவுக்குத்தான் அதிகமா அடி வாங்குவோம், அரை மணி நேரப் பேச்சை 60 செகண்டாக்குறது அதையே 20 நிமிஷமாக்குறதை விடக் கஷ்டமான வேலை, ஆனா நிமிஷ ரேட்ல இருபதுல ஒரு பங்கு காசு.

அதனால இனிமே கொட்டேஷன் குடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க. மொத்த ஃபுட்டேஜ் எத்தனை மணி நேரம், எத்தனை கேமரா, ஆடியோ தனியா இருக்கா, எந்த ஃபார்மேட், யார் ஓகே சொல்லணும், ஒருத்தரா நாலு பேரா. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு ஆள் ஓகே சொல்ற வேலையும் "எங்க பார்ட்னரும் ஒரு தடவை பார்க்கணும்"ங்கிற வேலையும் ஒரே வேலை இல்லை.

மொபைல் ஃபுட்டேஜ்னு சொன்னீங்களே, அதை எப்பவும் தனியாக் கேட்டு வாங்குங்க, நாலு ஃபைல் சாம்பிள் முன்னாடியே அனுப்பச் சொல்லுங்க. நிறைய மொபைல்கள் ஃப்ரேம் ரேட்டை, அதாவது செகண்டுக்கு எத்தனை படம்ங்கிறதை, ஒரே சீரா வச்சுக்காது, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏத்த மாதிரி ஏறி இறங்கும், தனி ஆடியோவோட சிங்க் பண்ணா முதல்ல சரியா இருக்கும், போகப்போக உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம். 30ஐ 29.97னு தப்பா எடுத்துக்கிட்டாலே ஒரு மணி நேரத்துக்கு 3.6 செகண்ட் விலகிடும், இது அதை விட மோசம், சீரா விலகவும் செய்யாது. அதை முதல்ல கான்ஸ்டன்ட் (மாறாத) ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்தணும், அந்த நேரமும் வேலை நேரம்தான்.

இடமும் அப்படித்தான். செகண்டுக்கு 100 மெகாபிட்ல எடுத்த 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. உங்க நேர்காணல் ரெண்டு கேமராவும் சேர்த்து 7 மணி நேரம், 315 ஜிபி. ஒரு பேக்கப் வச்சா 630. வேலை முடிஞ்சு எத்தனை மாசம் வச்சிருப்பீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா ரெண்டு வருஷம் கழிச்சு "அந்த ரா ஃபுட்டேஜ் இருக்கா"ன்னு கேப்பாங்க, இல்லன்னு சொன்னா நம்ம மேல கோவிச்சுக்குவாங்க.

பாதிக்குத்தான்_பார்ப்பாங்க எழுதியது:

நான் அந்தப் பக்கத்து ஆளு, எடிட்டர் இல்லை, எடிட்டர் வச்சு வேலை வாங்குறவன். ஒரு சின்ன சேனல், பாட சம்பந்தமானது. நீங்க பேசிக்கிறதைப் பார்த்து எழுதணும்னு தோணுச்சு.

மணிக்கு இவ்வளவுன்னு யாராவது சொன்னா எனக்கு பயமா இருக்கும், உண்மையாச் சொல்றேன். அவரு எத்தனை மணி நேரம் பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது, மெதுவாப் பண்ணா அதிகக் காசா, வேகமாப் பண்ணா கம்மிக் காசா, அது என்ன நியாயம்னு அவருக்கே தோணாதா. எனக்கு ஒரே நம்பர் வேணும், அந்த நம்பருக்கு என்னென்ன கிடைக்கும், எப்ப கிடைக்கும். அதைச் சொன்னா நான் வீட்ல, பார்ட்னர்கிட்ட பேசி முடிவெடுத்துடுவேன்.

இன்னொண்ணு. முதல் ஒரு வருஷம் நான் கேமராவை ஆன் பண்ணி விட்டுட்டு ஒரே பாடத்தை ஆறு தடவை சொல்வேன், நல்லதா இருக்குறதை எடிட்டர் எடுத்துக்கட்டும்னு. ரேட் நிமிஷக்கணக்குதானே, எனக்கு என்ன வந்துச்சு. அந்தப் பையன் பாவம் எதுவும் சொன்னதில்லை, ஒரு நாள் ஃபோன் எடுக்குறதை நிறுத்திட்டான். அடுத்து வந்தவங்க முதல் நாளே சொல்லிட்டாங்க, ஒரு மணி நேர ஃபுட்டேஜ் வரைக்கும் இந்த விலை, அதுக்கு மேல ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் இவ்வளவுன்னு. முதல்ல கோவம்தான் வந்துச்சு. ஆனா அன்னிலேர்ந்து ஸ்கிரிப்டை ஒழுங்காப் படிச்சுட்டு உக்கார ஆரம்பிச்சேன், சொதப்புனா கையைத் தட்டிட்டுத் திரும்பச் சொல்வேன், ஆடியோ அலைவடிவத்துல அந்தத் தட்டு ஊசி மாதிரி தெரியும்னு அவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க. இப்ப 25 நிமிஷத்துக்கு மேல ஃபுட்டேஜ் போறதே இல்லை. அவங்க வேலை பாதியாச்சு, எனக்கும் வீடியோ ரெண்டு நாள்ல வருது.

சேனல்காரர் ஓடிடுவாருன்னு பயப்படாதீங்க மேடம். தேதிக்கு வேலை வருமான்னு தெரியாம இருக்குறதுதான் எங்களுக்கு இருக்குற பெரிய தலைவலி, காசு அதுக்கு அடுத்துதான்.

கட்டர்2009 எழுதியது:

மேல சொன்னவரு மாதிரி எல்லாரும் இருந்தா நான் ஏன் இப்படிப் பேசப்போறேன். 15 வருஷத்துக்கும் மேல இந்தத் தொழில்ல இருக்கேன், நல்லாப் பேசுறவங்கதான் பாக்கி வைப்பாங்க. ரேட்டை விடுங்க, அட்வான்ஸ் வாங்குங்க முதல்ல. பாதி கையில வந்தாத்தான் ஃபைலை காப்பியே பண்ணனும். ரிவ்யூவுக்கு அனுப்புறது வாட்டர்மார்க்கோட, சின்ன சைஸ்ல. மிச்சம் வந்த அப்புறம்தான் சுத்தமான ஃபைல். நான் ஒரு தடவை ஒரு கம்பெனியை நம்பி முழுசாக் குடுத்தேன், அவங்க அதை எல்லா இடத்துலயும் போட்டு ஓட்டிட்டாங்க, பாக்கிக்கு எட்டு மாசம் நடந்தேன், கடைசியில பாதிதான் வந்துச்சு. அப்ப நான் போட்ட ரேட் நல்ல ரேட்தான். என்ன பிரயோஜனம்.

அப்புறம் ப்ராஜெக்ட் ஃபைல் கேப்பாங்க. "எங்க வீடியோதானே, அந்த எடிட் ஃபைலையும் குடுங்க"ன்னு. அது ஃபைனல் வீடியோவோட சேர்ந்தது இல்லை, தனி விலைன்னு முதல்லயே எழுதிடுங்க. அதைக் குடுத்தா அடுத்த வீடியோவை உங்க டெம்ப்ளேட்லயே வேற ஆளை வச்சுக் கால் விலைக்குப் பண்ணிப்பாங்க.

டைம்லைன்வாசி எழுதியது:

கட்டர் சார் இதை முதல் பதில்லயே சொல்லியிருக்கலாம் :) ரெண்டுமே நூத்துக்கு நூறு சரி. கூடவே, பாதியில அவங்களா நிறுத்துனா அதுவரைக்கும் பண்ண வேலைக்கு என்னங்கிறதையும் எழுதிக்கணும். அவசரம்னா 25லேர்ந்து 50 சதவீதம் வரைக்கும் நான் கூடப் போடுவேன், "நாளைக்கே வேணும்"ங்கிறதுல பாதிப் பேர் அதைக் கேட்டதும் அடுத்த வாரம் போதும்பாங்க.

அந்தச் சேனல் அண்ணன் சொன்னதுதான் நானும் பல வருஷம் கழிச்சுக் கத்துக்கிட்டது. மணிக்கணக்கை நீங்க வச்சுக்கங்க, அவருக்கு மொத்த விலையாச் சொல்லுங்க. ஏன்னா மணிக்கணக்குல நீங்க தேறத்தேற வருமானம் கொறையும். அடோபி பிரீமியர்ல 2023லேர்ந்து பேச்சை எழுத்தாக்கி அந்த எழுத்தை வெட்டுனா வீடியோவும் வெட்டுற வசதி இருக்கு, ரிசால்வோட காசு குடுத்து வாங்குற ஸ்டூடியோ வெர்ஷன்லயும் வந்துடுச்சு. உங்க நேர்காணல்ல பார்த்துக் குறிப்பெடுக்குற 7 மணி நேரம் இதால 4 ஆகலாம். அந்த மூணு மணி நேரம் யாருக்குச் சேரணும்? மணிக்கூலின்னா அப்படியே அவருக்குப் போயிடும். கட்டர் சார் ஏஐ வந்துட்டா ரேட் கொறையும்ங்கிறாரே, மொத்த விலை சொல்றவங்களுக்கு அது லாபமாக்கூட முடியும்.

மொத்த விலைக்கு மணி நேரத்தை எப்படி ஊகிக்கிறதுன்னு கேப்பீங்க. மூணு நம்பர் எடுத்துக்கங்க, எல்லாம் நல்லாப் போனா எவ்வளவு, வழக்கமா எவ்வளவு, நாசமாப் போனா எவ்வளவு. நடு நம்பரை நாலால பெருக்கி மத்த ரெண்டையும் கூட்டி ஆறால வகுக்கணும். உங்க நேர்காணல் மாதிரி வேலைன்னா 18, 26, 46னு வைங்க. 18, 104, 46 கூட்டுனா 168, ஆறால வகுத்தா 28. பெர்ட்னு பேரு, 1958ல அமெரிக்கக் கடற்படை ஏவுகணைத் திட்டத்துக்காகக் கொண்டுவந்த முறை, நம்ம ரெண்டாவது ரவுண்டு கரெக்ஷனுக்கும் நல்லாவே வேலை செய்யுது. அந்த 28ஐ உங்க டைரி ரேட்டால பெருக்கி, மேல 15, 20 சதவீதம் போடுங்க. ரெண்டு ரவுண்டு கரெக்ஷன் இதுல அடக்கம், மூணாவதுலேர்ந்து தனி.

ஃபைவர் மாதிரி ஃப்ரீலான்ஸ் தளம் வழியா வேலை வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, அவங்க 20 சதவீதம் பிடிக்கிறாங்கன்னா 100 கைக்கு வர 120 சொல்லக்கூடாது, 120ல 24 போயி 96தான் வரும். 125 சொல்லணும். சின்ன வித்தியாசம்தான், ஆனா வருஷம் முழுக்க நாலு நாலா போயிட்டே இருக்கும்.

ரெண்டர்ராணி எழுதியது:

ரெண்டு நாளா உக்காந்து இதைத்தான் போட்டுட்டு இருந்தேன். டைரி ரேட் வந்துச்சு, வந்ததும் ஒரு அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன், நான் இதுவரைக்கும் வாங்குனது அதுல பாதிக்கும் கீழ. நேர்காணல் வேலையில அஞ்சுல ஒரு பங்குகூட வரலை.

இப்ப சேனல்காரர் விஷயம். ஒரு பெரிய வீடியோ சாம்பிள் வாங்கிப் பார்த்தேன், ரெண்டு பேர் உக்காந்து பேசுறது, ஆடியோ சுத்தமா இருக்கு, ஒண்ணுக்கு 10 மணி நேரம் ஆகும்னு தோணுது. ஷார்ட்ஸ் அதுலேர்ந்தே வெட்டி எடுக்குறது. அதுக்கு என்ன போடுறதுன்னு தெரியலை, ஒரு நிமிஷ வீடியோதானேன்னு ஒண்ணுக்கு ஒரு மணி நேரம் போதுமா? ரெகுலர் வேலைங்கிறதால எவ்வளவு தள்ளுபடி குடுக்கலாம்?

ஒன்பதுக்கு_பதினாறு எழுதியது:

ஷார்ட்ஸ் பத்தின்னதும் ஓடி வந்துட்டேன், என் பொழப்பே அதுதான்.

ஒரு மணி நேரம்லாம் பத்தாதுங்க. படுக்கை வாட்டத்துல எடுத்ததை நெட்டுக்குத்தா வெட்டும்போது 1920 அகலத்துல சுமார் 607 பிக்சல்தான் மிஞ்சும், மூணுல ஒரு பங்கு. ரெண்டு பேர் உக்காந்திருந்தா ரெண்டு பேரும் அதுல அடங்க மாட்டாங்க, யாரு பேசுறாங்களோ அவங்க பக்கம் ஃப்ரேமை நகர்த்தணும், ஒருத்தர் சிரிக்கிறதை இன்னொருத்தர் பார்க்குறது முக்கியமா இருந்தா மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பிரிக்கணும். தானா நகர்த்துற வசதி இருக்கு, பத்துல ஏழு தடவை சரியா வரும், மிச்ச மூணு தடவை சுவத்தைக் காட்டும். அப்புறம் வார்த்தை வார்த்தையா எழுத்து, தானா வர்ற எழுத்துல தமிழை அது படுத்துற பாடு இருக்கே, ஒவ்வொண்ணா திருத்தணும். எல்லாத்துக்கும் மேல ஒரு மணி நேரப் பேச்சுல எந்த 50 செகண்ட்னு தேடிக் கண்டுபிடிக்கணும், அதுதான் நிஜமான வேலை, வெட்டுறது இல்லை. அந்த இடத்தை அவங்களே டைம்கோடு (எத்தனாவது நிமிஷம், செகண்ட்) போட்டுத் தந்தா ஒரு விலை, நீங்க தேடுனா வேற விலைன்னு சொல்லுங்க. நான் தேடி முடிச்சுக் குடுக்க ஒண்ணுக்கு ரெண்டேகால் மணி நேரம் போடுறேன்.

டைம்லைன்வாசி எழுதியது:

அப்ப கூட்டுவோம். 8 பெரிய வீடியோ 80 மணி நேரம். 20 ஷார்ட்ஸ் 45 மணி நேரம். மொத்தம் 125. நம்ம 1,056ஐ 12ஆல வகுத்தா மாசத்துக்கு 88. அதாவது இவர் ஒருத்தரே உங்ககிட்ட இருக்குற மொத்தச் சரக்கையும் வாங்கிட்டு இன்னும் 37 மணி நேரம் கடன் கேக்குறாரு, அதுக்கு மேல தள்ளுபடியும் கேக்குறாரு.

ஒரே ஆள்கிட்ட நிலையான வேலைன்னா பேரம் தேடல் எல்லாம் கொறையும், அது உண்மை, வாரத்துக்கு 24ங்கிறது 30 ஆகலாம். அப்பவும், ஒரு வாரம்கூட லீவு எடுக்காம 52 வாரமும் உக்காந்தாத்தான் மாசத்துக்கு 130, ஒரு காய்ச்சல் வந்தா முடிஞ்சுது. வேற கஸ்டமர் யாரையும் வச்சுக்க முடியாது. அவரு ஒரு நாள் சேனலை நிறுத்துனா உங்க வருமானம் அன்னிக்கே பூஜ்யம். இதுக்குப் பேரு ஃப்ரீலான்ஸ் இல்லைங்க, லீவு இல்லாத வேலை. தள்ளுபடி குடுக்குறதுக்கு ஒரு காரணம் வேணும், அவரு மாச ஆரம்பத்துலயே முழுசாக் குடுத்தா, நிறுத்துறதுக்கு ஒரு மாசம் முன்னாடி சொல்றேன்னு எழுதிக் குடுத்தா, ஒரு 5, 10 சதவீதம் குடுங்க. "ரெகுலர்"ங்கிற வார்த்தைக்காகக் குடுக்காதீங்க.

அளவைக் கொறைச்சுக் கேளுங்க, விலையைக் கொறைக்காதீங்க.

கட்டர்2009 எழுதியது:

போகச் சொன்னா போயிடுவாரு, அவ்வளவுதான். ஆனா 125 மணி நேரம்ங்கிறதை நான் யோசிக்கலை. சரியான கணக்கு.

ரெண்டர்ராணி எழுதியது:

ஆறு வாரம் கழிச்சு வர்றேன், என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா நல்லா இருக்காதுல்ல.

மொத்த விலையா எழுதி அனுப்புனேன். 8ம் 20ம்ங்கிறதுக்கு ஒரு நம்பர், கீழயே 4ம் 12ம்னா இன்னொரு நம்பர். ரெண்டு ரவுண்டு கரெக்ஷன், கரெக்ஷன் எல்லாம் ஒரே டாக்குமென்ட்ல டைம்கோடோட, ஓகே சொல்ற ஆள் ஒருத்தர்தான், ப்ராஜெக்ட் ஃபைல் தனி, பாதி முன்பணம், ரா ஃபுட்டேஜ் மூணு மாசம் வரைக்கும்தான். அனுப்பிட்டு ஃபோனைக் கவுத்து வச்சுட்டேன். நாலு நாள் பதில் இல்லை. போச்சுடான்னு நினைச்சேன். அஞ்சாவது நாள் "நாலும் பன்னெண்டும் பண்ணிப் பார்ப்போம்"னு ஒரே வரி, அரை மணி நேரத்துல முன்பணம். கணக்குப்படி 67 மணி நேரம், முதல் மாசம் 71 ஆச்சு, ஷார்ட்ஸ்லதான் இழுத்துச்சு, ஒன்பதுக்கு_பதினாறு சொன்னது அப்படியே.

முதல் வீடியோவுக்கு ரெண்டு ரவுண்டு முடிஞ்சு, ஃபைனல் குடுத்து, மறுநாள் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. டாக்குமென்ட்னு எழுதியிருந்தும் வாய்ஸ் நோட்தான். பின்னாடி ஓடுற மியூசிக் கொஞ்சம் ஃபீலா இருந்தா நல்லா இருக்கும், மாத்திடலாமான்னு. எனக்குத் தெரியும், அந்த மியூசிக்கோட தாளத்துக்குத்தான் பாதி கட் வச்சிருக்கேன், மாத்துனா நாலு மணி நேரம் போகும். பழைய நானா இருந்தா வாயைத் திறக்காம மாத்தியிருப்பேன். கை நடுங்குச்சு, ஆனாலும் "கண்டிப்பா மாத்தலாம் சார், இது மூணாவது ரவுண்டு, நாலு மணி நேர வேலை, கூடுதலா இவ்வளவு ஆகும், சரின்னு சொன்னா இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்"னு அனுப்பிட்டேன்.

பத்து நிமிஷத்துல பதில்: "திரும்ப ஒரு தடவை கேட்டேன்மா, இந்த மியூசிக்கே நல்லாத்தான் இருக்கு."